உதிரம் நெய்யும் இழை

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில், நெசவாளர் வாழும் தெருக்களில் ஒன்றில் காலை வேளையில் நடந்து போகிறவனுக்கு, முதலில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பாவும், அதன் இருபுறமும் நின்று அறுந்த இழைகளைத் தேடி முடிச்சிடும் விரல்களும் கண்ணில் படும். பிறகு வீட்டு வாயிலைக் கடந்தால், பெங்களூர்ப் பட்டும் சூரத்து ஜரிகையும் கூடிச் சேலையாகிற தறியின் தாள ஓசை காதில் விழும். சேலை பார்க்க வருகிறவர்களின் கண் தறியின் மேல்புறத்திலேயே நின்றுவிடுவது இயல்பு. நானோ ஒருமுறை அப்படிப்பட்ட வீடொன்றில், நாடாவையும் கரையின் கோர்வையையும் வேண்டிய மட்டும் பார்த்துத் தீர்ந்தபின், குழிக்குள் தொங்கிய கால்களைக் குனிந்து பார்த்தேன். அறுபது வயதைக் கடந்த அந்த மனிதருடைய பாதங்கள் மிதிகட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அழுத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கெண்டைச் சதை ஒரு முறை திரண்டு, ஒரு முறை தளர்ந்தது.

“நாள் முழுக்க இப்படி உட்கார்ந்தே இருக்கிறீர்களே ஐயா, கால் மரத்துப் போகாதா?” என்று கேட்டேன்.

“காலு எங்க சார் சும்மா இருக்குது? காலு நின்னா தறியே நின்னுடும்” என்று அவர் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

சாதாரணமாகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தை, பல காலத்துக்குப் பின், கடல் கடந்த தேசத்துக் கல்லூரி விளையாட்டு வீரன் ஒருவனுடைய வரலாற்றைப் படித்தபோது மீண்டும் என் ஞாபகத்துக்கு வந்தது. அவன் பெயர் ட்ரே ஸ்மித். அமெரிக்காவின் டென்னஸி பல்கலைக்கழகத்தில் 2017இல் சேர்ந்தவன். ஆறரை அடி உயரமும் ஏறக்குறைய 145 கிலோ எடையும் உள்ளவன். அந்த தேசத்தார் ‘ஃபுட்பால்’ என்று வழங்கும் ஆட்டத்தில், தன் அணியின் பந்து எறிபவனை எதிரிகள் நெருங்கவிடாமல் உடம்பையே மதிலாக நிறுத்தித் தடுப்பவன். பெயர் ஒன்றாயிருந்தும் அந்த ஆட்டம் நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் முழு வேகத்தோடு மோதுவதே அதில் பாதி ஆட்டம். இத்தகைய வீரனுக்கு 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நுரையீரலில் ரத்தக் கட்டிகள் இருப்பது தெரிய வந்தது. சிகிச்சை பெற்று அந்த ஆண்டே களத்துக்குத் திரும்பி ஏழு ஆட்டங்கள் ஆடினான். அக்டோபரில் நோய் மீண்டதோ என்ற சந்தேகம் எழவே, எஞ்சிய பருவம் முழுவதும் அவன் விலக்கி வைக்கப்பட்டான். கண்ணுக்குத் தெரியும் காயம் ஒன்றுமில்லை, எலும்பு முறிவில்லை, இருந்தும் அவ்வளவு பெரிய தேகத்தை ஓரத்தில் உட்கார வைத்தது, மயிரிழையினும் எத்தனையோ மடங்கு மெல்லிய ஓர் இழை.

அந்த இழையின் தன்மையை ஆரணிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. பட்டுப்புழுவின் வயிற்றிலுள்ள சுரப்பியில் பட்டு, நூலாக இருப்பதில்லை. ஃபைப்ரோயின் என்னும் புரதம் கரைந்த குழம்பாகவே இருந்து, புழு அதை வாய்வழியே இழுத்துவிடும் தருணத்தில்தான் உறுதியான நூலாக மாறுகிறது. நம்முடைய ரத்தத்திலும் இதற்கு நிகரான ஓர் ஏற்பாடு உண்டு. ஃபைப்ரினோஜென் என்னும் புரதம், குழம்பில் கரைந்த பட்டைப் போலவே, ரத்தத்தோடு சதா கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கேனும் குழாய் கிழிந்தால், ரத்தத் தட்டுகள் முதலில் அங்கே சென்று ஒட்டிக்கொள்ளுகின்றன. ஒன்றை ஒன்று தூண்டிவிடும் பல புரதங்களின் சங்கிலித் தொடர் கடைசியில் த்ராம்பின் என்னும் நொதியை உண்டாக்க, அது ஃபைப்ரினோஜெனின் நுனிகளைக் கத்தரித்து ஃபைப்ரின் என்னும் இழையாக்குகிறது. இழைகள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னி, சிவப்பணுக்களைச் சிறைப்படுத்தும் வலையாகின்றன. விரலில் ஊசி குத்தினால் சில நிமிஷங்களில் ரத்தம் நிற்பது தட்டுகளும் இந்த நெசவும் கூடிச் செய்யும் வேலை. வேலை முடிந்ததும், பிளாஸ்மின் என்னும் வேறொரு நொதி வந்து அந்தத் துணியைத் துண்டு துண்டாக வெட்டிக் கரைத்துவிடும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அடிபட்ட ‘டி-டைமர்’ என்னும் பரிசோதனை, இவ்வாறு வெட்டுப்பட்ட நெசவின் துணுக்குகள் ரத்தத்தில் எவ்வளவு மிதக்கின்றன என்று பார்ப்பதேயன்றி வேறில்லை. நெய்வதும் பிரிப்பதும் சமநிலையில் நடக்கும்வரை நாம் அதை உணர்வதே இல்லை. கிழியாத இடத்தில் நெசவு தொடங்கிவிட்டால்தான் விபரீதம்.

அந்த விபரீதம் பெரும்பாலும் காலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இருதயம் தள்ளுகிற ரத்தம் காலுக்கு இறங்குவது சுலபம். நாலடி உயரம் மேலேறித் திரும்பி வருவது கடினம். அதற்காகவே காலின் ஆழத்துச் சிரைகளுக்குள் மேல்நோக்கி மட்டும் திறக்கும் கதவுகள் அமைந்திருக்கின்றன. 1628இல் ரத்த ஓட்டத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி, ஒருவனுடைய கையைத் துணியால் கட்டி, புடைத்த சிரையை விரலால் நீவிக் காட்டி, இந்தக் கதவுகள் ரத்தத்தை ஒரே திசையில்தான் விடுகின்றன என்பதை எவரும் மறுக்க முடியாதபடி நிரூபித்தார். ஆயினும் கதவு தானாக ரத்தத்தை ஏற்றாது. ஏற்றுவது கெண்டைச் சதை. நடக்கும்போதோ பாதத்தை அழுத்தும்போதோ அந்தச் சதை திரண்டு, நடுவிலுள்ள சிரைகளைப் பிழிய, ரத்தம் மேலே எழும்புகிறது; சதை தளரும்போது கதவுகள் மூடிக்கொண்டு அதைக் கீழே விழாமல் தாங்குகின்றன. வைத்தியர்கள் கெண்டைச் சதையை இரண்டாவது இருதயம் என்று சொல்லுவதில் மிகை இல்லை. தறிக்குழியில் மிதிகட்டையை அழுத்துகிறவர், உட்கார்ந்த நிலையிலும் தம் இரண்டாவது இருதயத்தை ஓயாமல் இயக்கிக்கொண்டிருக்கிறார் என்பதை அன்று நான் பார்த்தேனே தவிர, அறிந்தேனில்லை.

ரத்தம் உடம்புக்குள்ளேயே கட்டிக்கொள்வதற்கு மூன்று காரணங்களை வைத்திய சாஸ்திரம் கூறும்: ஓட்டம் தேங்குதல், குழாயின் உட்சுவர் சேதமுறுதல், ரத்தத்தின் குணமே கட்டும் பக்கம் சாய்தல். இம்மூன்றும் இன்றும் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயராலேயே வழங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் அவர் செய்த பேருபகாரம் மற்றொன்று: நுரையீரலில் காணப்படும் கட்டி அங்கேயே பிறந்ததென்று பலர் நம்பியிருந்த காலத்தில், அது வேறிடத்துச் சிரையில் உண்டாகி, பிய்ந்து, ரத்தத்தோடு பிரயாணம் செய்து, இருதயத்தின் வலப்புறத்தைக் கடந்து, நுரையீரலின் குறுகிய குழாயில் போய் அடைத்துக்கொள்ளுகிறது என்று அவர் நிலைநாட்டினார். கால் வலியாகத் தொடங்கிய ஒன்று மூச்சுத் திணறலாக முடிவது இப்படித்தான். கட்டி சிறிதானால் நெஞ்சில் ஒரு குத்தலோடு போகும். பெரிதானால் நிமிஷங்களில் உயிரைக் கொண்டுபோகும்.

தேக்கத்தினால் விளையும் தீங்கை உலகம் கண்கூடாகக் கண்டது 1940இல். ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மாநகரின் மீது இரவுதோறும் குண்டு பொழிந்தபோது, பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே உறங்கி எழுந்தவர்களில் சிலர், குண்டுக்குத் தப்பியும், நுரையீரல் அடைப்பால் மாண்டார்கள். பிரேத பரிசோதனை வைத்தியரான கீத் சிம்ப்ஸன் அந்த ஆண்டே இதை எழுதி வெளியிட்டு, நாற்காலியின் முன்சட்டம் தொடையின் பின்புறத்தை இரவெல்லாம் அழுத்தியதை ஒரு காரணமாகச் சுட்டினார். 1954இல் பாஸ்டன் நகரத்து ஜான் ஹோமன்ஸ், நீண்ட விமானப் பிரயாணமும் மோட்டார்ப் பிரயாணமும், ஏன், நாடகக் கொட்டகையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும்கூட இந்நோய்க்கு இடங்கொடுக்கும் என்று எழுதினார். விளையாட்டு வீரன் ஓடியாடுகிறவன்தானே, அவனுக்கு எப்படித் தேக்கம் என்று கேட்கலாம். களத்தில் ஓடுகிறவன், ஆட்டத்துக்கு ஆட்டம் ஊர்விட்டு ஊர் போகும் வண்டியிலும் விமானத்திலும் மணிக்கணக்கில் கால் மடக்கி உட்காருகிறான், வியர்வையாய் நீரை இழக்கிறான், அடிபடுகிறான், அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கில் படுத்திருக்கிறான். விர்ஷோவின் பெயரால் வழங்கும் மூன்றும் அவன் வாழ்க்கையில் மாறி மாறி வந்து போகின்றன.

நம் வீடுகளிலும் இம்மூன்றும் ஒன்றுகூடும் ஒரு சமயம் உண்டு. பிரசவித்த தாயின் ரத்தம், பிரசவத்தில் உதிரப்போக்கை நிறுத்தும்பொருட்டு, இயற்கையாகவே கட்டும் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த நாட்களில், பச்சை உடம்பென்று சொல்லி, அவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்து, அசையவிடாமல் ஓர் அறையில் படுக்க வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். பிரசவத்துக்குப்பின் மூளையின் சிரைகளில் ரத்தம் கட்டுவது இந்தியாவில் வைத்தியர்கள் அடிக்கடி கண்ட நோய். தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கத்தை அதன் காரணங்களில் ஒன்றாக அவர்கள் நெடுங்காலமாகச் சந்தேகித்து வருகிறார்கள். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு, 2017இல் மகளைப் பெற்ற மறுநாள் நுரையீரலில் ரத்தக் கட்டி வந்தது. 2011இல் ஒரு முறை அதே நோயை அனுபவித்திருந்த அவர், மூச்சு முட்டியதுமே அதை அடையாளம் கண்டு, தாமே பரிசோதனையைக் கேட்டு வாங்கித் தப்பினார்.

இனி சிகிச்சைக்கு வருவோம். இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்தை ‘ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை’ என்று எல்லோரும் சொல்லுகிறோம். அது ரத்தத்தை நீர்க்கச் செய்வதுமில்லை, உண்டான கட்டியைக் கரைப்பதுமில்லை. புதிய இழை நெய்யப்படுவதைத் தடுப்பதொன்றே அதன் வேலை. பழைய நெசவை உடம்பின் பிளாஸ்மின் மெல்ல மெல்லப் பிரித்துக்கொள்ளுகிறது. இவற்றுள் வார்ஃபரின் என்னும் மருந்தின் பிறப்பு விசித்திரமானது. 1933ஆம் ஆண்டுப் பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்துக் குடியானவர் ஒருவர், செத்துப்போன கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பால் குவளையையும், கெட்டுப்போன இனிப்புத் தீவன வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாடிஸன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்னும் ரசாயன அறிஞரிடம் வந்து சேர்ந்தார். பூஞ்சணம் பிடித்த அந்த வைக்கோலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் எது என்று ஆறாண்டுகள் தேடி, 1939இல் லிங்க்கின் கூடத்தார் அதைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1955இல் மாரடைப்புற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கே மருந்தாகக் கொடுக்கப்பட்டது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே என்னும் சத்தைக் கொண்டே ஆக்குகிறது. அதற்கு வார்ஃபரின் முட்டுக்கட்டை போடுகிறது. முருங்கைக்கீரை முதலான பசுங்கீரைகளில் அந்தச் சத்து மிகுதி. ஆகவே இம்மாத்திரை உண்பவர்கள் ஒரு வாரம் கீரையை அடியோடு விட்டு, மறு வாரம் நாள்தோறும் உண்பதென்று மாற்றாமல், ஒரே அளவில் உண்ண வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள்.

விளையாட்டு வீரனுடைய சங்கடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கட்டி வந்தவனுக்குக் குறைந்தது மூன்று மாதம் மருந்து வேண்டும். அறுவைச் சிகிச்சை, மாவுக்கட்டு முதலிய தற்காலிகக் காரணத்தால் வந்ததானால் அதன்பின் நிறுத்திவிடலாம். காரணம் புலப்படாமல் வந்ததானால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால், வருஷக்கணக்கில், சில வேளை ஆயுள் முழுவதுமே தொடர நேரும். மருந்து ரத்தத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, தலையில் விழும் ஓர் அடி, சாதாரணமாக வீங்கி அடங்கியிருக்கக்கூடியது, மண்டைக்குள் நில்லாத உதிரப்பெருக்காக மாறிவிடலாம். மருந்தை விட்டால் கட்டி. மருந்தை உண்டால் மோதல் ஆபத்து. நடை, சைக்கிள், நீச்சல் என்று படிப்படியாகத் தேறுவதற்கு மருந்து தடையில்லை. உடம்போடு உடம்பு மோதும் ஆட்டத்துக்கே அது தடை.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி தந்தது, மருந்து உடம்பில் தங்கும் கால அளவு. வார்ஃபரினின் வேலை, அதை நிறுத்திய பின்னும் நாட்கணக்கில் நீடிக்கும். அண்மைக் காலத்தில் வந்த அபிக்ஸபான், ரிவராக்ஸபான் முதலிய மாத்திரைகளோ, உறைதல் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியை மட்டும் நேரே பிடித்து, ஏறக்குறைய ஒரு நாளுக்குள் பெரும்பகுதி உடம்பைவிட்டு நீங்கிவிடுகின்றன. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மோலும் அவருடைய சகாக்களும், தேர்ந்த வீரர்களுக்காக ஒரு முறையை 2018இல் எழுதி விளக்கினார்கள். இன்ன வீரனுடைய ரத்தத்தில் மருந்து எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அவன் ரத்தத்தையே எடுத்து அளந்து, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மருந்தின் வேலை அற்றுப்போயிருக்கும்படியும், ஆட்டம் முடிந்து உதிரப்போக்கு எதுவுமில்லை என்று கண்டபின் மறுபடி தொடங்கும்படியும் வேளை குறித்துக் கொடுப்பதே அந்த முறையின் சாரம். எல்லோருக்கும் பொருந்துவதன்று, இடைவெளியில் கட்டி வரும் அபாயம் முற்றும் நீங்குவதுமன்று, ஆயினும் ஆட்டம் அல்லது ஆயுள் என்ற இரண்டே வாசல்கள் இருந்த சுவரில் இடையே ஒரு சந்து திறந்தது.

ட்ரே ஸ்மித் அவனுக்கென்று வைத்தியர்கள் வகுத்த திட்டத்தின்படி 2019இல் களம் புகுந்தான். மற்றவர்கள் வாரமெல்லாம் மோதிப் பழக, அவன் மோதாப் பயிற்சி மட்டும் செய்து, ஆட்ட நாளன்று நேரே ஆட்டத்தில் இறங்கினான். அப்படியும் அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்கள் ஆடி, தன் பிராந்தியத்துச் சிறந்த வீரர்களின் வரிசையில் முதல் அணியில் இடம் பெற்றான். 2021இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிந்தெடுத்தபோது, நோயின் அச்சத்தால் ஒவ்வோர் அணியும் அவனைத் தாண்டிப் போக, 226ஆவது ஆளாகக் கான்ஸஸ் சிட்டி அணி அவனை எடுத்தது. அந்த அணி 2023இலும் 2024இலும் அந்த நாட்டின் உச்சக் கோப்பையை வென்றபோது அவன் அதன் வலப்புறக் காவலனாக நின்றான்.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். கூடைப்பந்தாட்டத்தில் மகா வீரரான கிறிஸ் பாஷுக்கு 2015இல் நுரையீரலிலும், 2016இல் மீண்டும் காலிலும் கட்டி வந்தது. ஆட விரும்பி அவர் வாதாடியும், அணி வைத்தியர்கள் இணங்காததால், 2016 பிப்ரவரிக்குப்பின் அவர் களம் காணவேயில்லை. அதே ஆட்டத்தின் விக்டர் வெம்பன்யாமா என்னும் பிரெஞ்சு இளைஞனோ, 2025 பிப்ரவரியில் வலது தோளின் சிரையில் கட்டி காணப்பட்டு, அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதி முழுதும் ஓய்ந்து, அக்டோபரில் திரும்பி முதல் ஆட்டத்திலேயே 40 புள்ளிகள் சேர்த்தான். ஒரே நோய், மூன்று முடிவுகள். தைரியத்தின் அளவில் மூவருக்கும் பேதமில்லை. கட்டி எங்கே வந்தது, எதனால் வந்தது, மறுபடி வந்ததா என்னும் மூன்று கேள்விகளின் விடையில்தான் பேதம்.

வீரன் திரும்பலாமா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி நம் நாட்டிலும் எழுந்திருக்கிறது. ரத்தக் கட்டியன்று, இருதயத் தசையின் கோளாறு காரணமாக, பஞ்சாபைச் சேர்ந்த கால்பந்து வீரர் அன்வர் அலியை ஆடவிடாமல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தடுத்தபோது, அவர் 2020இல் தில்லி உயர்நீதிமன்றம் வரை போனார். பின்னர் அனுமதி கிடைத்து, 2022இல் இந்தியாவுக்காகவே ஆடினார். நீதிமன்றம் உரிமையைச் சொல்லலாம். உடம்பின் நிலையைச் சொல்ல அளவுகோலும் வைத்தியரும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ட்ரே ஸ்மித்தைக் காத்தது துணிச்சல் அல்ல, கணக்கு. மருந்து எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்ற கணக்கு.

அந்தக் கணக்கெல்லாம் நோய் கண்டறியப்பட்ட பிறகு. நம் ஊர்களில் தவறு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பந்தாடுகிற பையனுக்கோ, நெடுந்தூரம் பஸ்ஸில் வந்திறங்கிய பெரியவருக்கோ, மகப்பேற்றுக்குப்பின் படுத்திருப்பவளுக்கோ கெண்டைக்கால் வலித்தால், சுளுக்கு என்று சொல்லி, எண்ணெய் தடவி, கட்டை விரலால் அழுத்தி வழித்துவிடுவது நெடுங்கால வழக்கம். பெரும்பாலும் அது சுளுக்காகவே இருக்கும். சுளுக்காக இல்லாத அந்த ஒரு காலில், வழிக்கிற விரலே கட்டியைப் பிய்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். ஆகவே வாசகர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்: ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டு, கெண்டையில் நோவெடுத்தால் அதைத் தேய்க்க வேண்டாம், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டி, டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். அதனோடு மூச்சு முட்டினாலோ, நெஞ்சு குத்தினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108க்குச் சொல்லுங்கள். நெடுநேரம் உட்காரும் நாட்களில், தறிக்குழி இல்லாவிட்டாலும், மிதிகட்டையை மிதிப்பதுபோல் பாதத்தை அடிக்கடி அழுத்தித் தளர்த்துங்கள்.